நம் நாட்டு மேதை ஜகதீச சந்திர போஸ்

கம்பியில்லாக் காதுக்கருவியில் இன்று நம் ஆலங்குளத்திலும் பாட்டுக் கேட்கிறோம். புளூடூத் கருவிக்குப் பாட்டைச் சுமந்து வருபவை வானொலி அலைகள். வேறு சில கருவிகளில் அகச்சிவப்பு ஒளி சுமக்கும். அது சுவரைத் தாண்டாது. வானொலி அலை தாண்டும்.

இதை அன்றே காட்டியவர் ஜகதீச சந்திர போஸ். 1858-இல் வங்காளத்தில் பிறந்தார். கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் அருட்தந்தை லஃபோன் அவருக்கு இயற்பியலில் ஆர்வமூட்டினார். 1885-இல் பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். இந்தியர் என்பதால் ஊதியத்தைக் குறைத்தனர். மூன்றாண்டுகள் ஊதியமே பெறாமல் பாடம் நடத்தினார். பின்னர் முழு ஊதியமும் நிலுவையோடு வந்தது. 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் அனுப்பிய அலை சுவரை ஊடுருவி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தது. 1937-இல் மறைந்தார்.

காதில் பாட்டு ஒலிக்கும்போது, தன்மானமும் உழைப்பும் மிக்க அம்மேதையை நாம் நன்றியுடன் நினைப்போம்.