நண்டு நெபுலாவும் ஹோமி பாபாவும்: காமா கதிரைக் காட்டிக்கொடுத்த 1937 கணக்கு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி ஏறக்குறைய 130 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1054, ஜூலை மாதம். விடியலுக்கு முன் கிழக்கு வானத்தில், ரிஷப ராசிக் காளையின் கொம்பு நுனிக்குப் பக்கத்தில், அதுவரை இல்லாத ஒரு நட்சத்திரம் பளிச்சென்று எரிந்தது. சீன வானியலாளர்கள் அதைக் குறித்து வைத்தார்கள். 23 நாட்கள் பகலிலேயே தெரிந்ததாம். இரவு வானிலிருந்து முழுசாக மறைய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்ததாம். உத்திரமேரூர் ஏரிக்கரையில் அந்த நேரத்தில் யார் நின்றிருந்தாலும், மேகம் மறைக்காமல் இருந்தால், அவர்களும் பார்த்திருக்கலாம்.

அது புது நட்சத்திரம் இல்லை. ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் செத்த வெளிச்சம். அந்த வெடிப்பின் மிச்சத்தைத்தான் இன்று நண்டு நெபுலா என்கிறோம். நம் பால்வெளி மண்டலத்துக்குள்ளேயே, சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் நடுவில் விநாடிக்கு 30 முறை சுழலும் ஒரு நியூட்ரான் நட்சத்திரம். அங்கிருந்து காமா கதிர்கள் இன்னும் நம்மை நோக்கி வந்துகொண்டே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகளின் ஆற்றல் இரண்டு மூன்று எலக்ட்ரான் வோல்ட் என்றால், இவற்றில் ஒன்றின் ஆற்றல் லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்டையும் தாண்டும்.

சிக்கல் என்னவென்றால், காமா கதிர் தரைக்கு வராது. காற்றுமண்டலம் விழுங்கிவிடும். அப்படியானால் தரையில் இருக்கிற தொலைநோக்கிகள் எதைப் பார்க்கின்றன? இதற்கான விடையின் முக்கியமான பகுதியை 1937இல் எழுதிய இருவரில் ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வேறு காரணத்துக்காக. உத்திரமேரூரிலிருந்து மதுராந்தகம் தாண்டிக் கிழக்கே கடற்கரைக்குப் போனால் கல்பாக்கம். 2019 வரை அதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். அங்கே இருக்கும் அணு உலைகளுக்குப் பின்னால் உள்ள திட்டம் ஹோமி ஜஹாங்கீர் பாபாவுடையது. அணுசக்திக்கு வருவதற்கு முன்னால் அவர் செய்த வேலை பற்றித்தான் இந்தக் கதை.

வீட்டில் நடந்த பஞ்சாயத்து

பாபா 1909 அக்டோபர் 30 அன்று பம்பாயில் வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். அத்தை மெஹர்பாய், டாடா குடும்பத்து தொராப்ஜியின் மனைவி. வீடு நிறையப் புத்தகங்கள், மேற்கத்திய இசைத்தட்டுகள். பையன் நன்றாகப் படம் வரைவான்.

1927இல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்க கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். படித்து முடித்ததும் ஜாம்ஷெட்பூர் டாடா எஃகு ஆலையில் வேலை என்பது குடும்பம் போட்ட கணக்கு. அந்த நேரத்தில் கேம்பிரிட்ஜ் முழுக்கக் குவாண்டம் இயற்பியல் காய்ச்சல். பாபா அப்பாவுக்குக் கடிதம் எழுதினார்: எனக்கு இன்ஜினீயரிங் வேண்டாம், இயற்பியல்தான் வேண்டும் என்ற அர்த்தத்தில். நம் வீடுகளில் இன்றும் நடக்கிற அதே பஞ்சாயத்து. அப்பா ஒரு நிபந்தனை போட்டார். முதலில் இன்ஜினீயரிங்கில் முதல் வகுப்பு வாங்கு, பிறகு கணிதம் படிக்கலாம். 1930இல் அதை வாங்கினார். 1932இல் கணிதத்திலும் முதல் வகுப்பு. 1935இல் முனைவர் பட்டம். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதைப் பற்றி அவர் செய்த கணக்கு இன்றும் பாபா சிதறல் என்ற பெயரில் பாடநூல்களில் இருக்கிறது.

ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக

அப்போது இயற்பியலாளர்களைத் தூங்கவிடாத புதிர் காஸ்மிக் கதிர். 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிப்போய், மேலே போகப்போகக் கதிர்வீச்சு கூடுகிறது என்று கண்டிருந்தார். விண்ணிலிருந்து ஏதோ வருகிறது. எங்கிருந்து என்று தெரியாது. ஆய்வகத்தில் ஈயத் தகட்டின் மேல் அது விழுந்தால், அடியிலிருந்து துகள்கள் மழைபோலக் கொட்டின. ஒரே மோதலில் இத்தனையும் வெடித்துச் சிதறுகின்றனவா? சிலருக்கு அப்படித்தான் தோன்றியது. இவ்வளவு உயர்ந்த ஆற்றலில் குவாண்டம் கோட்பாடே உடைந்துபோகிறதோ என்றும் சந்தேகம்.

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்கு வந்திருந்த வால்டர் ஹைட்லருடன் சேர்ந்து பாபா இதற்குக் கணக்குப் போட்டார். கோட்பாடு உடையவில்லை, மழை படிப்படியாக உருவாகிறது என்பதுதான் விடை. ஒரு காமா ஃபோட்டான் அணுக்கருவின் பக்கத்தில் போகும்போது ஒரு எலக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் மாறும். அந்த இரண்டும் அடுத்தடுத்த அணுக்கருக்களின் அருகில் திரும்பி வேகம் குறையும்போது புது காமா ஃபோட்டான்களை உமிழும். அவை மறுபடி ஜோடிகளாகும். சதுரங்கக் கட்டத்தில் அரிசி மணியை இரட்டித்துக்கொண்டே போன கதை ஞாபகம் இருக்கிறதா? அதேதான். ஆற்றல் பங்குபோட்டுப் பங்குபோட்டுத் தீர்ந்ததும் மழை நின்றுவிடும். அமெரிக்காவில் கார்ல்சனும் ஓப்பன்ஹைமரும் தனியாக இதே முடிவுக்கு அதே 1937இல் வந்தார்கள்.

கணக்கில் ஒன்று இடித்தது. சில துகள்கள் தடித்த ஈயத்தையும் ஊடுருவிப் போயின. எலக்ட்ரானால் அது முடியாது. எலக்ட்ரானைவிடப் பல மடங்கு கனமான ஏதோ ஒன்று வருகிறது என்ற முடிவுக்குப் பாபா வந்தார். இன்று நாம் மியூவான் என்று சொல்வது அதைத்தான். இந்த மியூவான் பின்னால் திரும்ப வரும்.

இனி காற்றுமண்டலத்துக்கு வருவோம். நண்டு நெபுலாவின் ஒரு காமா ஃபோட்டான் மேல் காற்றில் மோதியதும் பாபா–ஹைட்லர் மழை தொடங்கிவிடும். தரைக்கு எட்டுப் பத்து கிலோமீட்டர் உயரத்தில் துகள்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். காற்றில் ஒளி போகும் வேகத்தைவிட அவை வேகமாகப் போவதால் செரென்கோவ் ஒளி என்ற நீல மின்னல் உண்டாகும். ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம்தான் இருக்கும். ஆனால் தரையில் அது இருநூறு மீட்டருக்கும் அதிக அகலத்துக்குப் பரவி விழும்.

இந்த அகலம்தான் முக்கியம். இவ்வளவு உயர்ந்த ஆற்றலில் நண்டிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு வரும் காமா ஃபோட்டான்களை ஆண்டு முழுக்க உட்கார்ந்து எண்ணினாலும் ஏழெட்டைத் தாண்டாது. செயற்கைக்கோளில் வைக்கும் கருவி ஒரு மேஜை அளவுதான். அதற்கு இது பத்தாது. தரையிலோ, மின்னல் விழும் வட்டத்துக்குள் எங்கே ஒரு கண்ணாடியை வைத்தாலும் போதும், பல பத்தாயிரம் சதுர மீட்டர் பரப்புள்ள கருவிக்குச் சமம். காமா கதிரை விழுங்குகிற அதே காற்றுதான் அதைப் பிடிக்கும் கருவியும் ஆகிறது.

லீவுக்கு வந்தவர்

1939இல் பாபா விடுமுறைக்கு ஊருக்கு வந்தார். போர் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில், சி.வி. ராமன் தலைமையில் இருந்த இயற்பியல் துறையில் சேர்ந்து, காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கினார். 1941இல், 31 வயதில், லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜ் போயிருக்கலாம். போகவில்லை. 1944 மார்ச்சில் டாடா அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதி, அடுத்த ஆண்டே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். 1948இல் அணுசக்தி ஆணையத் தலைவர். பிறகு டிராம்பே, அப்சரா உலை, ஜெனீவா மாநாட்டுத் தலைமை. நேருவிடம் நேராகப் பேசும் உரிமை இருந்தது. கேட்ட பணம் கிடைத்தது. கேள்வி கேட்கும் ஆட்கள் குறைவு. 1948 அணுசக்திச் சட்டத்தின் ரகசியப் பூட்டு அதற்கு வசதி செய்தது. இதற்கு அவர் கொடுத்த விலை சொந்த ஆராய்ச்சி. ஐம்பதுகளின் நடுவில் அவரது கட்டுரைகள் ஏறக்குறைய நின்றே போயின. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டதும் அதே ஆண்டுகளில்தான்.

ஆனாலும் காஸ்மிக் கதிரை அவர் கைவிட்டதாகச் சொல்ல முடியாது. மியூவான்களை எண்ண மாணவர்களைக் கோலார் தங்கச் சுரங்கத்தின் அடியாழத்துக்கு அனுப்பினார். 1965இல் அங்கேதான் காற்றுமண்டல நியூட்ரினோ பிடிபட்டது. மழைகளை ஆராய, ஐம்பதுகளில் ஊட்டியில் ஆய்வகம் வந்தது.

1966 ஜனவரி 24. வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டத்துக்குப் போன பாபாவின் ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்கில் மோதியது. 117 பேரும் இறந்தார்கள். அவருக்கு 56 வயது, திருமணம் ஆகவில்லை. அன்றுதான் இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றார். சதி என்று வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றும் கதைகள் ஒருபக்கம் இருக்கட்டும். மலை எங்கே இருக்கிறது என்பதில் விமானிக்கு ஏற்பட்ட தவறான கணிப்பே காரணம் என்றது பிரெஞ்சு விசாரணை.

பிறகு நடந்தது

பாபா இறந்த மூன்றாம் ஆண்டு, 1969இல், ஊட்டியில் அவரது நிறுவனத்து ஆட்கள் சர்ச்லைட் கண்ணாடிகளை வானத்தை நோக்கித் திருப்பி வைத்து, பல்சர்களிலிருந்து காமா கதிர் வருகிறதா என்று தேட ஆரம்பித்தார்கள். கைவசம் இருந்ததை வைத்துச் செய்வது இந்தத் துறையின் வழக்கம். 1952இல் இங்கிலாந்தில் காற்றின் செரென்கோவ் மின்னலை முதலில் பார்த்தவர்கள் ஒரு குப்பைத்தொட்டிக்குள் கண்ணாடியை வைத்துத்தான் பார்த்தார்கள். ஆனால் வானத்திலிருந்து விழும் மழைகளில் மிகப் பெரும்பாலானவை புரோட்டான் போன்ற காஸ்மிக் கதிர்களால் வருபவை. காமா மழை எது, மற்றது எது என்று பிரிக்கத் தெரியாமல் எல்லோரும் இருபது ஆண்டுகள் தடுமாறினார்கள். 1989இல்தான் அமெரிக்காவின் அரிசோனாவில் விப்பிள் தொலைநோக்கி, மின்னலின் வடிவத்தை வைத்துப் பிரித்து, நண்டு நெபுலாவை ஐயத்துக்கு இடமில்லாமல் பிடித்தது.

ஊட்டியின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் வேறு வழியில் பிரிக்கிறது. புரோட்டான் மழையில் மியூவான் நிறைய இருக்கும், காமா மழையில் மிகக் குறைவு. அதனால் 560 சதுர மீட்டர் கருவி ஒன்று அங்கே மியூவான்களை எண்ணிக்கொண்டே இருக்கிறது. பாபாவின் கணக்கில் இடித்த அதே துகள்.

ஹெஸ் 1912இல் விட்டுப்போன கேள்விக்கு விடை இன்னும் முழுசாக வரவில்லை. காஸ்மிக் கதிர்களுக்கு மின்னூட்டம் உண்டு என்பதால், வழியில் காந்தப்புலங்களில் வளைந்து வளைந்து பிறந்த ஊர் தெரியாமல் வந்து சேர்கின்றன. காமா கதிர் நேர்க்கோட்டில் வரும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் மூலத்தைக் காட்டும். ஐ.சி. 443, டபிள்யூ 44 என்ற இரண்டு சூப்பர்நோவா எச்சங்களில் புரோட்டான்கள் முடுக்கப்படுவதற்கான அடையாளத்தை, 2013இல் ஃபெர்மி செயற்கைக்கோளின் காமா தரவு காட்டியது. நண்டில் பெரும்பாலும் எலக்ட்ரான்களின் வேலைதான். ஆனால் 2021இல் சீனாவின் லாசோ ஆய்வகம் நண்டிலிருந்து ஆயிரம் லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய ஒரு ஃபோட்டானை அறிவித்ததிலிருந்து அங்கேயும் விவாதம் ஓயவில்லை.

பாபா பெயரைத் தாங்கிய அணு ஆராய்ச்சி மையம், லடாக்கின் ஹான்லேயில் கடல்மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கு மேல், 21 மீட்டர் குறுக்களவுள்ள மேஸ் தொலைநோக்கியை அமைத்திருக்கிறது. திறப்பு விழா 2024 அக்டோபரில் நடந்தது.

நண்டைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். தை, மாசியில் நிலா இல்லாத இரவு, எட்டு மணிவாக்கில் டவுன் வெளிச்சம் எட்டாத வயல் பக்கம் போங்கள். உச்சி வானில் செம்மஞ்சளாக மின்னும் ரோகிணியைப் பிடியுங்கள். அங்கிருந்து வடகிழக்கே காளையின் கீழ்க்கொம்பு நுனியில் ஒரு சுமாரான நட்சத்திரம். அதன் பக்கத்தில் பைனாகுலரில் மங்கலான ஒரு பஞ்சுத் துணுக்கு தெரியும். அதேநேரம் உங்கள் தலைக்கு மேலே பத்துக் கிலோமீட்டரில் அதன் காமா மழைகளும் மின்னிக்கொண்டிருக்கும். அது மட்டும் கண்ணுக்குச் சிக்காது.