மக்கள் பேச்சைப் பாட்டாக்கியவர்

தென்னமெரிக்காவில் உள்ள அர்ஜென்டினாவின் தலைநகரம் புவனோஸ் ஐரிஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கானோர் பிழைப்புத் தேடி அர்ஜென்டினாவுக்கு வந்தனர். தலைநகரின் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதிகளில் பல இனத்தவரின் இசையும் கலந்து டாங்கோ வளர்ந்தது. டாங்கோ என்றதும் பலருக்கு நடனமே நினைவுக்கு வரும். ஆனால், டாங்கோவுக்குப் பாடலும் உண்டு. அப்பாடல்களில் எளிய மக்களின் மனக்குமுறலை ஒலிக்கச் செய்தவர் என்ரிக்கே சாந்தோஸ் டிஸெப்போலோ.

இவர் 1901-ஆம் ஆண்டு புவனோஸ் ஐரிஸ் நகரில் பிறந்தார். தந்தை இத்தாலியிலிருந்து குடியேறிய இசைக்கலைஞர். டிஸெப்போலோ பத்து வயதை எட்டுவதற்குள் தந்தையையும் தாயையும் இழந்தார். அண்ணன் அர்மாண்டோ தம்பியின் வளர்ப்பில் பெரும் பங்கேற்றார். குடியேறிகளின் வறுமையையும் ஏமாற்றத்தையும் மேடையில் காட்டிய நாடக ஆசிரியர் அவர். அண்ணனின் துணையால் டிஸெப்போலோவும் இளமையிலேயே நடிகரானார், நாடகங்களும் எழுதினார். பின்னர், அவரது மனம் டாங்கோவை நாடியது. பெரும்பாலான பாடல்களுக்குச் சொற்களோடு இசையையும் அவரே அமைத்தார்.

தொடக்கம் கசப்பாகவே இருந்தது. நேர்மையைக் கட்டிக்கொண்டு வறுமையில் வாடும் ஒருவனை அவன் துணைவி இடித்துரைப்பதாக ஒரு பாடல் எழுதினார். பணத்துக்கு முன் நேர்மைக்கு மதிப்பில்லை என்று அப்பெண் குத்திக்காட்டுகிறாள். 1926-ஆம் ஆண்டு, அண்டை நாடான உருகுவேயில் அரங்கேறிய அப்பாடலை மக்கள் ஏற்கவில்லை. எனினும், டிஸெப்போலோ தம் எழுத்தின் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1928-இல் புகழ்பெற்ற பாடகி அசுசேனா மைசானி அவருடைய மற்றொரு பாடலைப் பாடினார். அது நாடெங்கும் பரவியது. அதன்பின், முன்பு தோல்வியடைந்த பாடலை டிட்டா மெரெல்லோ என்னும் நடிகை மீண்டும் பாடினார். இம்முறை மக்கள் அதைக் கொண்டாடினர். பாடல் மாறவில்லை, கேட்டவர்களின் மனமே மாறியிருந்தது.

1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, இறைச்சியையும் கோதுமையையும் ஏற்றுமதி செய்து வாழ்ந்த அர்ஜென்டினாவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வேலையின்றி அலைந்து, கைகொடுக்க ஆளில்லாமல் நின்ற மனிதனின் வேதனையை டிஸெப்போலோ 'யிரா, யிரா' என்ற பாடலில் வடித்தார். அதனை டாங்கோ உலகின் முன்னணிப் பாடகர் கார்லோஸ் கார்டெல் 1930-இல் இசைத்தட்டில் பாடினார். 1934-இல் 'கம்பலாச்சே' என்ற பாடல் உருவானது. பழைய பொருள்களை வாங்கி விற்கும் கடையை அச்சொல் குறிக்கும். விலைமதிப்புள்ள பொருளும் உதவாப் பொருளும் அங்கே ஒன்றாகக் கிடக்கும். அதுபோலவே, உழைப்பவனையும் திருடனையும் உலகம் வேறுபாடின்றி நடத்துகிறது என்று அப்பாடல் சாடியது.

இப்பாடல்களுக்கு வலிமை சேர்த்தது அவற்றின் மொழி. டிஸெப்போலோ ஏட்டு மொழியை விடுத்து, 'லுன்ஃபார்தோ' எனப்படும் அந்நகரத் தெருப்பேச்சைத் தயங்காமல் கையாண்டார். குடியேறிகளின் சொற்கள் பல கலந்த பேச்சு அது. 1943-இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவ அரசு, அத்தகைய சொற்கள் மொழியின் தூய்மையைக் கெடுப்பதாகக் கருதி வானொலியில் தடுத்தது. பல பாடல்கள் திருத்தப்பட்ட சொற்களோடு ஒலித்தன. இசைக்கலைஞர்கள் 1949-இல் அதிபர் ஹுவான் பெரோனிடம் முறையிட்ட பின்னரே இக்கட்டுப்பாடு விலகியது.

1951-இல் டிஸெப்போலோ பெரோன் அரசை ஆதரித்து வானொலியில் உரையாற்றினார். அரசை எதிர்த்த நண்பர்கள் பலர் அவரை விட்டு விலகினர். அந்தப் பிரிவு அவரை வாட்டியது. உடலும் மனமும் தளர்ந்த நிலையில், அவ்வாண்டு டிசம்பர் 23-ஆம் நாள், ஐம்பதாம் வயதில் அவர் காலமானார்.

டிஸெப்போலோ எழுதிய டாங்கோ பாடல்கள் மிகப் பல அல்ல. ஆயினும், அநீதியைக் காணும்போது அர்ஜென்டினா மக்கள் இன்றும் 'கம்பலாச்சே' பாடலை நினைவுகூர்கின்றனர். தெருவில் புழங்கிய பேச்சை அவர் பாட்டாக்கினார். அந்தப் பாட்டு மீண்டும் மக்களின் பேச்சில் கலந்துவிட்டது.