பெண்களைப் பிடித்துப் பரிசோதிக்க போலீஸுக்கு அதிகாரமா? 16 ஆண்டுகள் போராடி சட்டத்தை நீக்க வைத்த ஜோசபின் பட்லர் யார்?

இங்கிலாந்து, 1860-கள். ராணுவ முகாம் இருக்கும் ஒரு ஊர். தெருவில் ஒரு பெண் நடந்து போகிறார். சாதாரண உடையில் நிற்கும் போலீஸ்காரருக்கு அவர் பாலியல் தொழில் செய்பவரோ என்று சந்தேகம். அவ்வளவுதான். அந்தப் பெண் மருத்துவப் பரிசோதனைக்குப் போயே ஆகணும். மறுத்தால் சிறை.

இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கிளம்பியவர், ஒரு கல்லூரித் தலைவரின் மனைவி. பெயர் ஜோசபின் பட்லர்.

யார் இவர்?

1828-ல் இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நார்தம்பர்லாந்தில் பிறந்தவர். அப்பா ஜான் கிரே, அடிமை முறைக்கு எதிராகக் குரல் கொடுத்தவர். வசதியான குடும்பம். 1852-ல் ஜார்ஜ் பட்லர் என்ற கல்வியாளரைத் திருமணம் செய்தார். நான்கு பிள்ளைகள்.

1864-ல் வீட்டில் பேரிடி. வெளியே போய்விட்டு வந்த பெற்றோரைப் பார்க்க ஓடி வந்த சிறுமி ஈவா, மாடியிலிருந்து தவறி விழுந்து இறந்துபோனாள். ஒரே மகள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் குடும்பம் லிவர்பூலுக்கு மாறியது. தன்னைவிட அதிகம் துன்பப்படுபவர்களைத் தேடிப் போனார் ஜோசபின். பிரவுன்லோ ஹில் என்ற இடத்தில், ஆதரவற்ற ஏழைகளை வைத்து வேலை வாங்கும் பெரிய விடுதி இருந்தது. பழைய கப்பல் கயிறுகளைப் பிரித்து நார் எடுக்கும் பெண்களோடு தானும் தரையில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தார். பாலியல் தொழிலில் இருந்த, நோயில் விழுந்த சில பெண்களைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்து பார்த்துக்கொண்டார்.

அப்படி என்ன சட்டம் அது?

தொற்றுநோய்கள் சட்டம். பெயரைக் கேட்டால் காலரா, அம்மை மாதிரி தோணும். ஆனால் குறி பால்வினை நோய்கள். ராணுவத்தில் இந்த நோய்கள் பெருகியதால் 1864-ல் கொண்டு வரப்பட்டது. 1866, 1869 என இரண்டு முறை கடுமையாக்கப்பட்டது.

முகாம், துறைமுக ஊர்களில் போலீஸ் சந்தேகப்படும் பெண், தானே சம்மதித்ததாக ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கத் தெரியாத பலருக்கு அதில் என்ன எழுதியிருக்கு என்றே தெரியாது. போடாவிட்டால் நீதிபதி முன் நிறுத்துவார்கள். நோய் இருந்தால் மருத்துவமனையில் அடைப்பு. முதலில் 3 மாதம் வரை, பிறகு 6, கடைசியில் 9 மாதம் வரை.

சரி, அந்தப் பெண்களிடம் போன ஆண்களுக்கு? பரிசோதனையும் இல்லை, அடைப்பும் இல்லை. 1871-ல் இதை ஆராய்ந்த அரசு ஆணையம் சொன்ன காரணம்: பெண் காசுக்காகச் செய்கிறாள், ஆணுக்கு அது இயற்கை உந்துதல், இரண்டையும் ஒப்பிட முடியாது.

ஜோசபின் கேள்வி கேட்டது இந்த இடத்தில்தான். இரண்டு பேர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒருவரை மட்டும் சட்டம் பிடிப்பது என்ன நியாயம்? குற்றமே நிரூபிக்காமல் ஒரு பெண்ணின் உடல் மீது அரசு எப்படிக் கை வைக்கலாம்?

தீ வைத்த கும்பல்

1869 இறுதியில் பெண்களுக்கான தேசிய சங்கம் உருவானது. 1870 ஜனவரி 1-ல் கண்டன அறிக்கை பத்திரிகையில் வந்தது. செவிலியர் துறையின் முன்னோடி ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலும் கையெழுத்திட்டிருந்தார்.

மரியாதையான வீட்டுப் பெண் பொது மேடையில் இதைப் பேசலாமா என்று கொதித்தார்கள். கணவரின் வேலைக்கே பாதிப்பு வரும் என்ற நிலை. ஆனாலும் ஜார்ஜ் பின்வாங்கவில்லை.

அதே ஆண்டு கோல்செஸ்டர் இடைத்தேர்தல். சட்டத்தை ஆதரித்த ஆளுங்கட்சி வேட்பாளருக்கு எதிராக ஜோசபின் தரப்பு பிரசாரம் செய்தது. அவர் தங்கிய விடுதியைக் கும்பல் முற்றுகையிட்டது. வேட்பாளர் தோற்றார். 1872-ல் பான்ட்ஃப்ராக்ட் இடைத்தேர்தலில் வைக்கோல் பரண் ஒன்றில் பெண்கள் கூட்டம் நடந்தபோது, எதிரிகள் கீழே வைக்கோலுக்குத் தீ வைத்தார்கள். புகைக்கு நடுவே பெண்கள் தப்பினர்.

1875-ல் ஆல்டர்ஷாட் முகாம் ஊரில் போலீஸ் நெருக்கடிக்கு ஆளான பாடகி ஒருவர் கால்வாயில் மூழ்கி இறந்தார். நாடே அதிர்ந்தது. 1883-ல் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டு, 1886-ல் ஒரேயடியாக நீக்கப்பட்டது.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

இதே பாணியில் இந்தியாவுக்கும் 1868-ல் சட்டம் வந்தது. கன்டோன்மென்ட்களில் வீரர்களுக்காகப் பெண்களைப் பதிவு செய்து, கட்டாயப் பரிசோதனை நடத்தினார்கள். படை முகாம் பஜாரில் போதுமான, அழகான பெண்கள் இருக்க வேண்டும் என்ற 1886-ம் ஆண்டு ராணுவச் சுற்றறிக்கை வெளியே கசிந்ததும் லண்டனில் பெரும் சர்ச்சை. 1888-ல் இந்தியச் சட்டமும் நீக்கப்பட்டது.

ஆனால் முகாம்களில் பழைய வழக்கம் போகவில்லை. ஜோசபின் தூண்டுதலில் இரண்டு அமெரிக்கப் பெண்கள் இந்தியா வந்து, முகாம்களில் விசாரித்து ஆதாரம் திரட்டினார்கள். 1893-ல் லண்டனில் விசாரணை நடந்தது. இதை மறுத்து வந்த ராணுவத் தளபதி ராபர்ட்ஸ் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

வெற்றிக்குள் ஒரு சிக்கல்

1885-ல் சிறுமிகளைக் காக்க இன்னொரு சட்டம் வந்தது. சம்மத வயதை 13-லிருந்து 16 ஆக உயர்த்தியது. ஜோசபினும் அதை ஆதரித்தார். ஆனால் அதே சட்டம் பாலியல் தொழில் விடுதிகள் மீதான நடவடிக்கையையும் எளிதாக்கியது. விளைவு? வயது வந்த பெண்கள் பலர் தங்கிய இடத்திலிருந்து துரத்தப்பட்டு தெருவுக்கு வந்தார்கள்.

ஒழுக்கத்தைக் காக்கிறோம் என்று கிளம்பிய தன் பழைய கூட்டாளிகளையே ஜோசபின் பிறகு எதிர்த்தார். பாலியல் தொழில் தவறு என்பதுதான் கடைசி வரை அவர் கருத்து. ஆனால் அதற்காக அந்தப் பெண்களை வேட்டையாடக் கூடாது என்பதிலும் கடைசி வரை மாறவில்லை. 1906 டிசம்பர் 30-ல் காலமானார்.

இன்று என்ன நிலை?

இங்கிலாந்தில் வயது வந்தவர் பாலியல் சேவைக்குப் பணம் பெறுவது குற்றமல்ல. விடுதி நடத்துவது குற்றம். இரண்டு பெண்கள் பாதுகாப்புக்காக ஒரே வீட்டில் சேர்ந்து தொழில் செய்தாலும் அது விடுதியாகக் கருதப்படலாம்.

இந்தியாவிலும் 1956-ம் ஆண்டு சட்டப்படி பாலியல் தொழில் குற்றமல்ல. விடுதி நடத்துவது, பொது இடத்தில் அழைப்பது குற்றம். தாமாக விரும்பி ஈடுபடும் வயது வந்தவர்கள் மீது போலீஸ் தலையிடக் கூடாது, சோதனையின்போது அவர்களைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்ற குழுப் பரிந்துரைகள் 2022 மே 19-ம் தேதி உச்ச நீதிமன்ற உத்தரவில் இடம்பெற்றன.

அதே 1956 சட்டத்தின் 15-வது பிரிவில் இன்னொரு விதியும் இருக்கிறது. சோதனையில் மீட்கப்பட்டு நீதிபதி முன் நிறுத்தப்படுபவருக்குப் பால்வினை நோய் இருக்கிறதா என்று மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். வாடிக்கையாளராக வந்தவருக்கு அந்தப் பரிசோதனை கிடையாது.