பட்டம் இல்லாத பறவை அறிஞர்: சலீம் அலியும் கோடியக்கரையும்

சிகாமட் தோட்டங்களில் லாஸ்டிக்கும் கையுமாகக் குருவி அடித்து வளர்ந்தவர்களுக்கு சலீம் அலியின் கதை அந்நியமானதல்ல. 1896-இல் பம்பாயில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தவர் அவர். ஒருநாள் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு எடுத்துச் சென்றார். அதன் செயலாளர் மில்லார்ட் பெயரைச் சொன்னதோடு, அங்குள்ள பறவைச் சேகரிப்பையும் திறந்து காட்டினார். சிறுவனின் வாழ்க்கை அன்றே திசை மாறியது.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசு விலங்கியல் துறையில் வேலை கிடைக்கவில்லை. 1926-இல் அரும்பொருளகத்தில் ஒரு வேலை கிடைத்தது. விடுப்பெடுத்து பெர்லின் சென்று, பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மனிடம் பயின்று 1930-இல் திரும்பினார். பணமில்லை என்று அந்த வேலையையே நீக்கியிருந்தார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் குருவி கூடு பின்னும். பெண் வந்து பார்த்துப் பிடித்தால் குடியேறும். உடனே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். இதைப் பற்றி எழுதிய கட்டுரை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1941-இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல், சாதாரண மக்களையும் பறவை பார்க்க வைத்தது.

1962-இல் வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையின் அருமையை அவர் எடுத்துச் சொன்னார். நம் முன்னோர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினத்திற்குத் தெற்கே உள்ள கரை அது. 1967-இல் அது சரணாலயம் ஆனது. பூநாரை, உள்ளான், வெளிமான் எல்லாம் அங்கே உண்டு. கழகத்தினர் பறவைகளைப் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் மாட்டிப் பறக்கவிட்டனர். வளையமிட்ட பறவை வேறு நாட்டில் அகப்பட்டால், அது போகும் வழி தெரிந்துவிடும். சேற்று நிலம் அழிந்தால், சைபீரியாவிலிருந்து பறந்து வரும் உள்ளானுக்கு இரை இல்லை.

1976-இல் பத்ம விபூஷண் பெற்ற சலீம் அலி, 1987-இல் மறைந்தார். கோடியக்கரை 2002-இல் ராம்சார் ஈரநிலமானது. அடுத்த ஆண்டே நம் ஜோகூரின் குக்குப் தீவும் தஞ்சோங் பியாயும் அதே பட்டியலில் சேர்ந்தன. ஊர் பார்க்கத் தமிழகம் செல்வோர் நவம்பர் முதல் ஜனவரி வரை கோடியக்கரைக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். போக இயலாதவர்கள் பொந்தியான் பக்கம் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். கையில் லாஸ்டிக் வேண்டாம். ஒரு தொலைநோக்கி போதும்.