அன்னை சீகோல்

1857ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டன் மாநகரின் சர்ரே பூங்காவில் நான்கு நாள் இசைவிழா ஒன்று நிகழ்ந்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் பங்கேற்றனர். அரசர்க்கோ அமைச்சர்க்கோ எடுத்த விழாவன்று அது. கடனால் நொடித்துப்போயிருந்த ஒரு கைம்பெண்ணுக்காக, அவருடைய பரிவை நுகர்ந்த படையினர் துணைநின்று எடுத்த விழா. அப்பெண்மணியே மேரி சீகோல்.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1805ஆம் ஆண்டு பிறந்தார் மேரி. தந்தை ஸ்காட்லாந்துப் படைவீரர். தாய் விடுதி நடத்தியவர், மூலிகை மருத்துவம் அறிந்தவர். தாய் செய்வதைப் பார்த்துத் தம் பொம்மைக்கு மருத்துவம் செய்து பழகிய சிறுமி, வளர்ந்தபின் பனாமாவில் வாந்திபேதியையும் ஜமைக்காவில் மஞ்சள் காய்ச்சலையும் எதிர்த்து நின்றார்.

கிரிமியப் போர் மூண்டபோது, 1854இல் இலண்டன் சென்று செவிலியர் பணிக்கு விண்ணப்பித்தார். ஏற்பார் இலர். தம் தோலின் நிறமே தடையாயிற்றோ என்னும் ஐயம் அவரைத் தெருவில் நின்று அழவைத்தது. அழுகை ஓய்ந்ததும் சொந்தச் செலவில் கப்பலேறினார்.

பாலக்லாவாத் துறைமுகத்திற்கு அருகே, கிடைத்த மரத்துண்டுகளையும் இரும்புத் தகடுகளையும் கொண்டு ஒரு விடுதியை எழுப்பினார். அது வணிக நிலையமே. பணம் உள்ளவரிடம் அவர் விலை பெற்றார். அதனை மறைக்க வேண்டுவதில்லை. இல்லாதவர்க்கு மருந்தும் உணவும் விலையின்றிக் கிடைத்தன. காயமுற்றோர் கப்பலுக்குக் காத்துக்கிடந்த துறையில் தேநீர் வழங்கினார். பீரங்கி முழக்கத்தினிடையே மருந்துப்பையுடன் போர்க்களம் புகுந்தார். அவர் சமைத்த அரிசிப் பாயசம், பிணியுற்ற இளைஞர்க்குத் தம் வீட்டை நினைவூட்டியது. அவர்கள் அவரை அன்னை என்றே அழைத்தனர். மருந்தினும் இவ்வுரிமையே அவர்களைத் தேற்றியது எனலாம்.

1856இல் போர் முடிந்தது. வாங்கிக் குவித்த பொருள்கள் விலைபோகவில்லை; மேரி கடனாளியாகி இங்கிலாந்து திரும்பினார். செய்தி பரவியதும் முன்னாள் படையினர் நிதி திரட்டினர். இசைவிழாவிற்கு மக்கள் திரளாக வந்தனர். ஆயினும் விழாவை நடத்திய பூங்கா நிறுவனமே நொடித்தமையால் அவர் கைக்கு வந்தது 57 பவுண்டு மட்டுமே. நன்றி பெரிது, வந்த தொகை சிறிது. அவர் எழுதிய தன்வரலாறு அவ்வாண்டிலேயே வெளிவந்து விற்பனையாயிற்று. 1867இல் விக்டோரியா அரசியின் இசைவோடு மீண்டும் நிதி திரட்டப்பட்டது. கிரிமியாவில் அவரை அறிந்திருந்த அரசியின் உறவினர் கிளைஷன், பின்னாளில் சிற்பியாகி, அவர் உருவைப் பளிங்கில் வடித்தார்.

1881ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் மேரி மறைந்தார். உலகம் அவரை ஏறத்தாழ நூறாண்டு மறந்தது. சிதைந்து கிடந்த கல்லறையைத் தேடிக் கண்டு 1973இல் புதுப்பித்ததில் ஜமைக்காச் செவிலியர்க்குப் பங்குண்டு. நைட்டிங்கேல் அம்மையார் செவிலியர் பள்ளி நிறுவிய தூய தாமசு மருத்துவமனை வளாகத்தில், 2016இல், தேம்சு ஆற்றின் கரையில் பாராளுமன்றத்தை நோக்கி மேரி சீகோலின் வெண்கலச் சிலை நிறுவப்பெற்றது.