வெயிலை உப்பில் சேமித்த மரியா டெல்கெஸ்

சோலார் வீடுன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது மொட்டை மாடியில சாய்ஞ்சு நிக்குற பேனல்தான். ஆனா அந்தப் பேனல்ல இருக்குற சிலிக்கான் செல் வந்ததே 1954-லதான். அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே, கடும் குளிர்ல ஒரு முழு வீட்டையும் வெயிலை மட்டும் வச்சு சூடா வைக்கலாம்னு கட்டிக் காட்டினவர் மரியா டெல்கெஸ். கொஞ்ச வருஷத்துல அந்த முயற்சி தோத்துப் போச்சு. அதுக்கப்புறம் அவர் என்ன செஞ்சார்ங்கிறதுதான் இங்க முக்கியம்.

1900 டிசம்பர் 12-ல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் பிறந்தார். அங்கேயே 1924-ல் இயற்பியல் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் அமெரிக்கா போனவர், கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ஆராய்ச்சி வேலையில் சேர்ந்தார். 1937-ல் வெஸ்டிங்ஹவுஸ், 1939-ல் எம்.ஐ.டி. அங்கே சூரிய சக்தி ஆராய்ச்சிக்குன்னு தனி நிதி வந்திருந்தது.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில், நடுக்கடலில் உயிர்காப்புப் படகில் தவிக்கும் வீரர்களுக்காக ஒரு சாதனம் வடிவமைத்தார். காற்றடிச்சா விரியுற பிளாஸ்டிக் பந்து மாதிரி இருக்கும். உள்ளே கடல் நீர் வெயில்ல ஆவியாகி, குளிர்ந்து, குடிக்கிற தண்ணியா சேரும். கரண்ட், எரிபொருள் எதுவும் வேண்டாம்.

போருக்குப் பிறகு அவர் கையில எடுத்தது இதைவிடக் கஷ்டமான கேள்வி. பகல்ல கிடைக்கிற வெயிலை ராத்திரிக்கு எப்படி எடுத்து வைக்கிறது? எம்.ஐ.டி.யின் முதல் சோலார் வீட்டில் பெரிய தொட்டியில வெந்நீரா சேமிச்சாங்க. டெல்கெஸ் தேர்ந்தெடுத்தது கிளாபர் உப்பு. இது சுமார் 32 டிகிரி செல்சியஸில் உருகும். உருகும்போது ஒரு கிலோ சுமார் 250 கிலோஜூல் வெப்பத்தை உள்ளே வாங்கிக்கும்; திரும்ப உறையும்போது வெளியே விடும். அதே ஒரு கிலோ தண்ணீரை 10 டிகிரி சூடாக்கினா வெறும் 42 கிலோஜூல்தான் நிக்கும். தெர்மோடைனமிக்ஸ்ல நாம மார்க்குக்காகப் படிச்ச உள்ளுறை வெப்பம்தான் இது.

சோலார் திட்டத்தை நடத்திய ஹாய்ட் ஹாட்டெலுக்கு இந்த உப்பு மேல நம்பிக்கை இல்லை. அதனால டெல்கெஸ் வெளியே ஆதரவு தேடினார். சிற்பி அமீலியா பீபாடி பணமும் நிலமும் கொடுத்தார். கட்டடக் கலைஞர் எலினார் ரேமண்ட் வரைபடம் போட்டார். மாசசூசெட்ஸில் டோவர் என்ற ஊரில் 1948-ல் வீடு எழுந்தது. மூணு பேரும் பெண்கள். அந்தக் காலத்துல ஒரு கட்டுமானத் திட்டத்துல இது எவ்வளவு அபூர்வம்னு யோசிச்சுப் பாருங்க.

வீட்டின் தெற்குப் பக்கம் மேல்தளம் முழுக்கக் கண்ணாடி, அதுக்குப் பின்னாடி கறுப்பு உலோகத் தகடு. அங்கே சூடாகும் காற்றை ஃபேன் இழுத்து, உப்பு அடைத்த டப்பாக்கள் இருக்குற அறைகளுக்கு அனுப்பும். மொத்தம் சுமார் 21 டன் உப்பு. ஒரு குடும்பம் அதிலேயே குடியிருந்தது. முதல் ரெண்டு குளிர்காலம் நல்லாவே போச்சு. பத்திரிகைகள் கொண்டாடின, டெல்கெஸுக்கு சூரிய ராணின்னு பேரே வந்தது.

மூணாவது குளிர்காலத்துல சிக்கல் முத்திப் போச்சு. கிளாபர் உப்பு உருகும்போது முழுசாக் கரையாது. நீரில்லாத உப்பு கொஞ்சம் அடியில தங்கிடும். திரும்ப உறையும்போது அது தண்ணியோட சேராது. ஒவ்வொரு சுற்றுலயும் அடியில படியுறது கூடும், சேமிக்கும் திறன் குறையும். டப்பாக்களும் அரிச்சு ஒழுகின. கடைசியில அந்த வீட்டுக்கு வழக்கமான ஹீட்டரே வைக்க வேண்டியதாச்சு. 1953-ல் டெல்கெஸுக்கு எம்.ஐ.டி. வேலையும் போனது. அதுக்கு முந்தின வருஷம்தான் அமெரிக்காவின் பெண் பொறியாளர்கள் சங்கம் தன் முதல் சாதனை விருதை அவருக்குக் கொடுத்திருந்தது.

அவர் உப்பை விடல. உருகிய உப்பு சரியான வெப்பநிலையில் உறையத் தொடங்க, கொஞ்சம் போராக்ஸ் சேர்த்தா போதும்னு கண்டுபிடிச்சார். நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஃபோர்டு அறக்கட்டளையின் 45,000 டாலர் உதவியோட, விறகு கிடைக்காத ஊர்களுக்காக எளிமையான சூரிய அடுப்பு செஞ்சார். பிறகு டெலவேர் பல்கலைக்கழகம். அங்கே 1973-ல் கட்டின சோலார் ஒன் என்ற வீடு, சூரிய ஒளியிலிருந்து மின்சாரம், வெப்பம் ரெண்டையும் எடுத்தது. அதிலும் அவருடைய உப்பு இருந்தது.

அடியில படியுற பிரச்சினைக்கு அவர் கண்ட பதில், ஒரு வகைக் களிமண்ணைக் கலந்து உப்பைக் கூழ் மாதிரி கெட்டியாக்குறது. அப்போ துகள்கள் கீழே இறங்காம அங்கங்கேயே நிக்கும். இதுக்கான காப்புரிமை 1976-ல் கிடைச்சது. டோவர் வீடு கட்டி 28 வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு வயசு 75.

நாம பிராஜெக்ட் ரிவ்யூல ஒரு தடவை ஓடினா கைதட்டு வாங்கிடுவோம். கட்டடத்துக்குள்ள வைக்கிற பொருள் ஆயிரக்கணக்கான தடவை ஓடணும். டோவர் வீடு இரண்டு வருஷம் ஓடியும் தோத்ததுக்குக் காரணம் அந்த வித்தியாசம்தான். டெல்கெஸ் தன் மிச்ச வாழ்க்கையை அதைச் சரிபண்றதுக்கே செலவழிச்சார்.

பல வருஷத்துக்குப் பிறகு ஹங்கேரிக்குத் திரும்பிப் போனவர், 1995 டிசம்பர் 2-ல் புடாபெஸ்டிலேயே காலமானார். 95 வயசு ஆக இன்னும் பத்து நாள் இருந்தது. உருகி உறையும் பொருட்கள் இன்னைக்கு சுவர்ப் பலகைகளுக்கு உள்ளேயும் மருந்துகளைக் குளிரா கொண்டுபோகும் பெட்டிகளிலும் இருக்கு. அவர் குளிருக்காக யோசிச்சதை நம்ம ஊர்ல தலைகீழா வைக்கலாம்: பகல் சூட்டைக் கூரையே வாங்கிக்கிட்டு, ராத்திரி வெளியே விடுறது. மே மாசத்துல மேல்மாடி ஹாஸ்டல் ரூம்ல இருக்கறவங்களுக்கு இதைவிட நல்ல பிராஜெக்ட் தலைப்பு வேணுமா என்ன?