ஒரே ஆண்டில் 117 தோல்வி கண்ட கோனி மாக்

நம் நாட்டில் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்காவில் பேஸ்பால் அப்படி. அந்த ஆட்டத்தில் மிக அதிக வெற்றி பெற்ற மானேஜர் யார் என்று கேட்டால் கோனி மாக் என்று பதில் வரும். மிக அதிகத் தோல்வி அடைந்தவர் யார் என்று கேட்டாலும் அதே பெயர்தான் வரும்.

வெற்றி 3,731. தோல்வி 3,948. இந்த இரண்டு கணக்கையும் இன்றுவரை யாரும் எட்டவில்லை.

அவர் வாழ்க்கையில் மிகவும் கசப்பான ஆண்டு 1916. அந்த ஆண்டு அவருடைய அணி 36 ஆட்டங்களில் ஜெயித்தது. 117 ஆட்டங்களில் தோற்றது. இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு அதே அணிதான் லீக் சாம்பியன்! சாம்பியன் அணி எப்படிப் பாதாளத்தில் விழுந்தது? காரணம், சம்பளத் தகராறு.

ஆலைத் தொழிலாளி

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஈஸ்ட் புரூக்பீல்டு என்று ஒரு சிற்றூர். அங்கே 1862-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கோனி மாக் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மகன் பிறந்தபோது தந்தை உள்நாட்டுப் போரில் சிப்பாய். முழுப்பெயர் கார்னீலியஸ் மெக்கிலிகடி. பெயர் நீளமாக இருந்ததால் குடும்பத்தாரே அதை "மாக்" என்று சுருக்கிக் கொண்டார்கள்.

படிப்பு பாதியில் நின்றது. பஞ்சாலையிலும், பிறகு செருப்புத் தொழிற்சாலையிலும் வேலை செய்தார். ஓய்வு நேரத்தில் பேஸ்பால் ஆடினார். உயரம் 6 அடி 1 அங்குலம், ஒல்லியான உடம்பு. மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பது அவர் வேலை. 1884-ல் தொழிற்சாலையை விட்டு ஆட்டத்தையே தொழிலாக்கிக் கொண்டார்.

முதலாளிகளை எதிர்த்தவர்

அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சுதந்திரம் கிடையாது. ஓர் அணியில் கையெழுத்துப் போட்டுவிட்டால், முதலாளியாக விடுவித்தால் ஒழிய வேறு அணிக்குப் போக முடியாது. சம்பளத்துக்கும் முதலாளிகள் உச்சவரம்பு வைத்தார்கள்.

இதை எதிர்த்து 1890-ல் ஆட்டக்காரர்கள் சங்கமே தனியாக ஒரு லீக் தொடங்கியது. கோனி மாக் அதில் சேர்ந்தார். தாம் சேர்த்து வைத்திருந்த பணத்தையும் பங்காகப் போட்டார். அந்த லீக் ஒரே ஆண்டில் மூடப்பட்டது. போட்ட பணம் போயிற்று.

1892-ல் அவர் மனைவி இறந்தார். மூன்று சிறு குழந்தைகள். அவர்களைத் தம் தாயாரின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய் ஆடினார். 1894-ல் பிட்ஸ்பர்க் அணிக்கு மானேஜர் ஆனார். பிறகு நான்கு ஆண்டுகள் மில்வாக்கியில் இருந்தார்.

வெள்ளை யானை

1901-ல் "அமெரிக்கன் லீக்" பெரிய அளவில் தொடங்கப்பட்டது. பிலடெல்பியா நகரில் "அத்லெடிக்ஸ்" என்ற புது அணி. அதற்குக் கோனி மாக் மானேஜர். 100-க்கு 25 பங்குக்குச் சொந்தக்காரர். நேற்றைய தொழிலாளி இன்று முதலாளிகளில் ஒருவர்!

நியூயார்க் அணியின் மானேஜர் ஜான் மெக்ரா, இந்த அணி பணத்தைத் தின்னும் வெள்ளை யானை என்று கேலி செய்தார். கோனி மாக் கோபப்படவில்லை. யானையையே அணியின் சின்னமாக்கிவிட்டார். 1902-ல் அந்த யானை லீக் பட்டம் பெற்றது.

மற்ற மானேஜர்கள் ஆட்டக்காரர்களைப் போலச் சீருடை அணிவார்கள். இவர் மட்டும் கோட்டு, டை, தொப்பியுடன் ஓர் ஆபீஸ் அதிகாரி போல உட்கார்ந்திருப்பார். கையில் உள்ள ஸ்கோர் அட்டையை அசைத்தே, யார் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவார். தவறு செய்தவரை மற்றவர்கள் முன்னால் திட்ட மாட்டார். ஆட்டக்காரர்கள் அவரை "மிஸ்டர் மாக்" என்றே அழைத்தார்கள்.

1910, 1911, 1913 ஆகிய மூன்று ஆண்டுகள் அவர் அணி உலகத் தொடர் பட்டத்தை வென்றது. எட்டி காலின்ஸ், பிராங்க் பேக்கர், ஜாக் பாரி, மக்கின்னிஸ் ஆகிய நால்வரையும் சேர்த்து "லட்ச டாலர் வரிசை" என்று பத்திரிகைகள் புகழ்ந்தன.

சரிவு

1914-ல் பெடரல் லீக் என்ற போட்டி லீக் வந்தது. அது ஆட்டக்காரர்களுக்கு அதிகச் சம்பளம் தருவதாக வலை வீசியது. ஆட்டக்காரர்கள் மனம் அலைந்தது. அந்த ஆண்டு லீக் பட்டம் வென்ற அத்லெடிக்ஸ், உலகத் தொடரில் பாஸ்டன் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. மைதானத்துக்கு வரும் கூட்டமும் முந்திய ஆண்டைவிட மிகவும் குறைந்திருந்தது.

கோனி மாக் ஒரு முடிவுக்கு வந்தார். கேட்கிற சம்பளத்தைத் தம்மால் கொடுக்க முடியாது; கொடுக்க முடியாதவர்களைப் போகவிடுவது என்பதே அந்த முடிவு. 1890-ல் சம்பளத்துக்காக முதலாளிகளை எதிர்த்த அதே மனிதர்தான் இந்த முடிவை எடுத்தார்.

புகழ்பெற்ற பந்து வீச்சாளர்கள் பிளாங்க், பெண்டர் இருவரும் பெடரல் லீக் சென்றார்கள். காலின்ஸ் 50 ஆயிரம் டாலருக்குச் சிகாகோ அணிக்கு விற்கப்பட்டார். பேக்கர் சம்பளத் தகராறில் 1915 முழுவதும் ஆடவில்லை. பிறகு நியூயார்க்குக்கு விற்கப்பட்டார். ஜாக் பாரி பாஸ்டனுக்குப் போனார். 1914-ல் 99 ஆட்டங்களில் வென்ற அணி, 1915-ல் 109 ஆட்டங்களில் தோற்றது.

1916

அடுத்த ஆண்டு நிலைமை இன்னும் மோசமாயிற்று. அனுபவசாலிகள் போன இடத்தில், கல்லூரிப் பையன்களையும் சின்ன ஊர் ஆட்டக்காரர்களையும் நிறுத்திப் பார்த்தார். பந்து கையில் நிற்கவில்லை. விட்டி விட் என்ற இளைஞர் ஒருவரே ஆண்டு முழுவதிலும் 78 பிழைகள் செய்தார்.

ஜாக் நேபர்ஸ் என்ற பந்து வீச்சாளரின் கணக்கு ஒரு வெற்றி, 20 தோல்வி. அவற்றில் 19 தோல்விகள் அடுத்தடுத்து வந்தவை. டாம் ஷீகன் என்பவருக்கு ஒரு வெற்றி, 16 தோல்வி. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அணி தொடர்ந்து 20 ஆட்டங்களில் தோற்றது. வெளியூர்களில் ஆடிய 77 ஆட்டங்களில் 13-ல் மட்டுமே ஜெயித்தது.

இந்த இருட்டிலும் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஆகஸ்டு 26-ந் தேதி ஜோ புஷ் என்ற வீச்சாளர், கிளீவ்லாந்து அணியினர் ஒரு அடிகூட அடிக்க முடியாதபடி முழு ஆட்டமும் பந்து வீசி ஜெயித்தார். அந்த ஆண்டின் 36 வெற்றிகளில் 29 வெற்றிகள் ஜோ புஷ், எல்மர் மையர்ஸ் என்ற இருவர் பெற்றுத் தந்தவை. ஆனால் புஷ் 24 ஆட்டங்களிலும், மையர்ஸ் 23 ஆட்டங்களிலும் தோற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசிக்கு முந்திய இடத்தில் இருந்த வாஷிங்டன் அணி பெற்ற வெற்றிகள் 76. அதாவது, அத்லெடிக்சைவிட 40 வெற்றிகள் அதிகம்! 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி 121 ஆட்டங்களில் தோற்றது. ஆனால் அது 162 ஆட்டங்கள் ஆடியது. விகிதப்படி பார்த்தால், 1901-க்குப் பிறகு இரு பெரிய லீக்குகளிலும் மிக மோசமான ஆண்டு என்ற பெயர் 1916 அத்லெடிக்சுக்குத்தான்.

வேறு மானேஜராக இருந்தால் அன்றே சீட்டுக் கிழிந்திருக்கும். கோனி மாக் அணியின் பங்குதாரர். அதனால் அவரை வெளியேற்ற யாராலும் முடியவில்லை. 1915 முதல் 1921 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் அவர் அணி கடைசி இடத்திலேயே இருந்தது.

மீண்டும் எழுந்தார்

விழுந்த இடத்திலிருந்து செங்கல் செங்கலாகக் கட்டினார். சைமன்ஸ், காக்ரேன், பாக்ஸ் என்று இளைஞர்களைச் சேர்த்தார். லெப்டி குரோவ் என்ற வீச்சாளருக்கு ஒரு லட்சத்து 600 டாலர் கொடுத்தார். சம்பளம் கொடுக்க முடியாமல் அணியைக் கலைத்தவர் கொடுத்த விலை அது!

1929-ல் 104 வெற்றி. உலகத் தொடரில் சிகாகோ கப்ஸ் அணியைச் சந்தித்தார். முதல் ஆட்டத்தில், யாரும் எதிர்பாராத ஹவார்டு எம்கி என்ற 35 வயது வீச்சாளரை இறக்கினார். அவர் 13 பேரை வீழ்த்திச் சாதனை படைத்தார். நான்காவது ஆட்டத்தில் 8-0 என்று பின்தங்கியிருந்த அணி, ஒரே கட்டத்தில் 10 ஓட்டங்கள் எடுத்து ஜெயித்தது. பட்டமும் கிடைத்தது. அப்போது கோனி மாக்குக்கு வயது 66. மறு ஆண்டும் உலகத் தொடர் பட்டம் அவருக்கே.

ஆனால் நாட்டில் பொருளாதார மந்தம் வந்தது. கூட்டம் குறைந்தது, கடன் நெருக்கியது. சைமன்ஸ், காக்ரேன், குரோவ், பாக்ஸ் என்று ஒவ்வொருவராக மறுபடியும் விற்றார். அணி மறுபடியும் கீழே போயிற்று. அதன் பிறகு அவர் ஒரு பட்டமும் பெறவில்லை.

1950-ல், 87-வது வயதில் ஓய்வு பெற்றார். ஒரே அணியில் 50 ஆண்டுகள்! அந்தக் கடைசி ஆண்டிலும் அணி 102 ஆட்டங்களில் தோற்றுக் கடைசி இடத்தில்தான் இருந்தது. 1954-ல் குடும்பத்தார் அணியை விற்றார்கள். அது கன்சாஸ் நகருக்குப் போயிற்று. 1956-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி, 93-வது வயதில் பிலடெல்பியாவில் கோனி மாக் காலமானார்.

அவர் கஞ்சரா, கையில் காசில்லாதவரா என்று அமெரிக்கர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அவருக்கு வந்த கடன் நெருக்கடி உண்மை. கூலி உயர்வு கேட்டுக் கிளம்பிய தொழிலாளியே, முதலாளியான பிறகு அதை மறுத்தார் என்பதும் உண்மை. பிலடெல்பியாவில் அவர் பெயர் தாங்கிய மைதானத்தை 1976-ல் இடித்துவிட்டார்கள். ஊர் மாறி ஊர் மாறிப் போன அவருடைய அணிக்கு மட்டும், இன்றும் யானைதான் சின்னம்.